விழுந்து எழும் வயதில் விழுவது எப்போது பிரச்சினை? சிறு குழந்தைகளின் உள்காதும் உடல் சமநிலையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

பகல் முழுக்க வீட்டுக்குள் ஓடித் திரிந்த நான்கு வயதுக் குழந்தை, இரவில் விளக்கை அணைத்ததும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறது. படுக்கையிலிருந்து இறங்கச் சொன்னால் மறுக்கிறது. ‘இருட்டென்றால் பயம்’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அம்மாவின் விரலைப் பிடித்தபடி, சிரித்துப் பேசிக்கொண்டே வரும்போதும் இருட்டில் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடினால், அதைப் பயத்தின் கணக்கில் எழுத முடியாது. வெளிச்சம் இருந்தவரை கண்கள் பார்த்துக்கொண்ட வேலையை, வெளிச்சம் போனதும் உள்காதால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

காது என்றால் ‘கேட்கிறதா, இல்லையா’ என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுகிறது. அதே காதுதான் நிற்கவும் நடக்கவும் உதவுகிறது என்பது நினைவுக்கு வருவதில்லை. சிறு குழந்தைக்கோ ‘தலை சுற்றுகிறது’ என்று சொல்லத் தெரியாது. ஆகவே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். எதைப் பார்ப்பது, எப்படிக் குறித்து வைப்பது, எப்போது ஓடுவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: உள்காது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

செவிப்பறைக்குப் பின்னால் இருப்பது நடுக்காது. அதற்கும் உள்ளே, மண்டையோட்டின் கெட்டியான எலும்புக்குள் பத்திரமாகப் பதிந்திருப்பது உள்காது. அதன் ஒரு பகுதி நத்தைக்கூடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுருண்ட காக்ளியா, இது கேட்பதற்கு. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன, இவை சமநிலைக்கு. இரு பகுதிகளிலும் ஓடுவது ஒரே திரவம். இரண்டும் அனுப்பும் செய்தி மூளைக்குப் போவதும் எட்டாவது மூளை நரம்பு என்ற ஒரே வழியில்தான். ஒன்றுக்குப் பழுது வந்தால் மற்றதையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மூன்று குழல்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்தவை. ‘ஆமாம்’ என்று தலையாட்டினாலும், ‘இல்லை’ என்று திருப்பினாலும், தோள் பக்கம் சாய்த்தாலும் ஏதோ ஒரு குழலில் திரவம் பின்தங்கி அசையும். அந்த அசைவு, நுண்ணிய மயிர் போன்ற இழைகளைக் கொண்ட செல்களை வளைக்கும். செய்தி மூளைக்குப் பறக்கும். தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்ற பிறகும் உலகம் சுற்றுவது இதனால்தான். உடல் நின்றுவிட்டது, குழலுக்குள் இருக்கும் திரவம் இன்னும் நிற்கவில்லை. இரு பைகளின் வேலை வேறு. அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, லிப்ட் மேலே போகிறதா, வண்டி பிரேக் போட்டதா என்பதை அந்தத் துகள்களின் பாரம் சொல்லிவிடும்.

இன்னொரு வேலையைப் பலரும் அறிவதில்லை. இந்த வரியை வாசித்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாகச் சற்று வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து நின்ற இடத்தில் நிற்கும். இப்போது தலையை அசைக்காமல், கையிலிருக்கும் திரையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். முதல் முறை எழுத்தைப் பிடித்து நிறுத்தியது உள்காது. தலை திரும்பிய மறுகணமே அது கண்களை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுகிறது. இரு பக்க உள்காதும் பழுதான குழந்தைக்கு, ஓடும்போது உலகமே இரண்டாவது முறை நீங்கள் பார்த்த எழுத்தைப் போலத்தான் தெரியும். அந்தக் குழந்தை பந்தைப் பிடிக்கத் தவறுவதைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

பிறக்கும்போதே உள்காது பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. முதிர வேண்டியது மூளைதான். உள்காது, கண், பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடங்களிலிருந்து வரும் செய்திகளைச் சேர்த்துக் கணக்குப் போட அது பல ஆண்டுகள் பழக வேண்டியிருக்கிறது. சிறு வயதில் கண்ணையே அதிகம் நம்புகிறது. பழுதான உள்காதைக் கண் மறைத்துவிடுவது அதனால்தான் இவ்வளவு எளிதாக நடக்கிறது.

படி 2: எது இயல்பு என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்

விழாமல் யாரும் நடக்கப் பழகியதில்லை. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடும்போது அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்து எண்ணினார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடிகள், 17 விழல்கள். எனவே ‘அடிக்கடி விழுகிறான்’ என்பது மட்டுமே எதையும் சொல்லிவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாவது மாதம் நடந்ததைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவித்திறன் குறைவு ஏற்கெனவே உறுதியான குழந்தைக்குத் தலை நிற்பதும் உட்காருவதும் தாமதமானாலோ, அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

நான் எண்ணிக்கையைவிட மாற்றத்தையே அதிகம் நம்புவேன். நேற்று வரை ஏறிய படியில் இன்று ஏறத் தயங்குவது, நடக்கத் தொடங்கிய குழந்தை மீண்டும் தவழ்வது, எப்போதும் ஒரே பக்கம் சாய்வது, சமதரையில் நன்றாக நடந்துவிட்டு மணலிலும் மெத்தையிலும் மட்டும் தடுமாறுவது ஆகியவற்றுக்கு அர்த்தம் உண்டு.

படி 3: சொல்லத் தெரியாத தலைசுற்றலைக் கண்டுகொள்ளுங்கள்

இரண்டரை வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. சட்டென்று கை நிற்கிறது. முகம் வெளிறுகிறது. அருகிலிருந்த நாற்காலிக் காலை இறுகப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது. தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைக்கிறது. கண்களைப் பார்த்தால் ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்து நகர்கின்றன. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறது, நினைவு தப்பவில்லை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கி, எதுவுமே நடக்காததுபோல் இறங்கிப்போய் மறுபடி கட்டைகளை அடுக்குகிறது.

‘ஏதோ பார்த்துப் பயந்துவிட்டது’ என்று இதைக் கடந்துபோவது மிக எளிது. இப்படிப்பட்ட திடீர்ப் பயம், பிடித்துக்கொள்ளல், வெளிறல், வாந்தி, தலையை அசைக்காமல் குப்புறப் படுத்துவிடுதல், நிற்க மறுத்தல் ஆகியவையே சிறு குழந்தையின் தலைசுற்றல் மொழி. கொஞ்சம் பேசத் தெரிந்தவர்கள் ‘கட்டில் ஆடுகிறது’, ‘வீடு ஓடுகிறது’ என்பார்கள். சிலர் வயிற்றைக் காட்டுவார்கள். ‘தலை சுற்றுகிறதா?’ என்று கேட்டு ஆமாம் வாங்குவதில் பயனில்லை. நாம் எதைக் கேட்டாலும் அவர்கள் ஆமாம் என்பார்கள். ‘எப்படி இருந்தது, கையால் செய்து காட்டு’ என்று கேளுங்கள். விரலைச் சுழற்றுகிறார்களா, ஊஞ்சல் போல ஆட்டுகிறார்களா என்பதே மருத்துவருக்குப் பாதி விடை.

படி 4: குறித்து வையுங்கள், கண்களைப் படம் எடுங்கள்

மருத்துவர் அறைக்குள் நுழையும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் குறிப்புதான் முக்கியமான சாட்சி. தேதி, நேரம், தொடங்கிய நொடியில் என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, வாந்தி உண்டா, காய்ச்சலோ சளியோ அந்த வாரத்தில் இருந்ததா, பிறகு தூங்கிவிட்டதா, கேட்பதில் மாற்றம் தெரிந்ததா என்று எழுதுங்கள். நேரத்தைக் கடிகாரம் பார்த்தே எழுத வேண்டும். பதற்றத்தில் இருபது நொடி பத்து நிமிடமாகத் தோன்றும். முடிந்தால் ஒருவர் குழந்தையை அணைத்துக்கொள்ள, மற்றவர் கைபேசியில் கண்களை அருகிலிருந்து பத்து நொடி படம் எடுங்கள். கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது அந்தப் படத்தில் மட்டுமே அகப்படும்.

நல்ல நேரத்தில் விளையாட்டாகச் சிலவற்றைப் பார்க்கலாம். ஒற்றைக் காலில் நிற்பது மூன்று வயதில் ஓரிரு நொடி, நான்கில் நான்கைந்து நொடி, ஐந்தில் பத்து நொடிக்கு அருகில் என்பது தோராயக் கணக்கு. நான்கு வயதுக்கு மேல் நொண்டியடிக்க வர வேண்டும். பிறகு மெத்தையின் மேல் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மெத்தை பாதத்தின் செய்தியைக் குழப்புகிறது. மூடிய கண் பார்வையை எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது உள்காது மட்டும். கண் திறந்திருக்கையில் உறுதியாக நின்ற ஐந்து வயதுக் குழந்தை, மூடிய கணமே மரம் சாய்வதுபோல் சாய்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்கத் தயாராக இரு கைகளும் அதன் இடுப்பருகே இருக்கட்டும். தலைசுற்றுகிறதா என்று பார்ப்பதற்காகக் குழந்தையைச் சுழற்றிவிட வேண்டாம். இவை நோயைத் தீர்மானிக்கும் சோதனைகளும் அல்ல. மருத்துவரிடம் போகலாமா என்று முடிவெடுக்க மட்டுமே.

படி 5: எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்துக் காரணத்தை நெருங்குங்கள்

வாரக்கணக்கில் மெல்லிய தள்ளாட்டம், கூடவே ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பது, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவது: முதலில் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு குழந்தைகளின் சமநிலைக் குறைவுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இதுவும் ஒன்று. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் இந்த வயதில் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருக்கிறது. சளி பிடித்தாலோ, மூக்கின் பின்புறத்தில் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கினாலோ அடைத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். வடியாமல் கேட்கும் திறனைப் பாதித்தால், செவிப்பறையில் குரோமெட் என்ற மிகச் சிறிய குழாயைப் பொருத்துவார்கள். நீர் போனதும் நடை தெளிவதைப் பல பெற்றோர் வியப்புடன் கவனிக்கிறார்கள்.

சில நொடிகள் அல்லது நிமிடங்கள் மட்டும், திடீரென்று, இடையில் முற்றிலும் நலம்: மேலே கட்டை அடுக்கிய குழந்தைக்கு வந்தது அநேகமாக இதுதான். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும் தீங்கற்ற தலைசுற்றல் என்பார்கள். இது மைக்ரேன் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மைக்ரேன் தலைவலி உண்டா என்று மருத்துவர் கேட்பது அதனால்தான். வளர வளர நின்றுவிடும். சிலருக்குப் பின்னாளில் மைக்ரேன் தலைவலியாக வரலாம். ஆனால் வலிப்பு போன்றவை இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகே ‘தீங்கற்றது’ என்ற சொல்லை நம்ப வேண்டும். இதன் தம்பியைப் போன்ற ஒன்று கைக்குழந்தைகளுக்கு வரும்: கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ அப்படியே இருந்து, தானே நேராகும்.

நாள்கணக்கில் நிற்க முடியாத சுற்றல், ஓயாத வாந்தி: உள்காதிலோ அதன் நரம்பிலோ கிருமித் தொற்று அல்லது அழற்சியாக இருக்கலாம். அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறந்தது முதலே இருக்கும் குறைவுக்குச் சுற்றல் இருக்காது. தாமதம் மட்டுமே தெரியும். பிறவியிலேயே காது நரம்புச் செவித்திறன் குறைவுள்ள குழந்தைகளில் கணிசமானோருக்குச் சமநிலை உறுப்பும் பலவீனமாக இருக்கிறது. கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் ஒரு காரணம். பரம்பரையாக வரும் அஷர் நோய்க்குறியின் முதல் வகையில் ஆழ்ந்த செவித்திறன் இழப்போடு குழந்தை தாமதமாக நடக்கும். சில ஆண்டுகள் கழித்து இரவுப் பார்வை மங்கத் தொடங்கும். நடை தாமதம்தான் அங்கே முதல் துப்பு. உள்காதின் ஒரு கால்வாய் பிறவியிலேயே அகன்றிருக்கும் குழந்தைகளுக்குத் தலையில் சிறு அடி பட்டாலே கேட்கும் திறன் சட்டென்று குறையலாம். தலை மோதும் விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மூளை உறை அழற்சிக் காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்போ அடுத்த சில வாரங்களுக்குள்ளோ செவிச் சோதனை செய்தாக வேண்டும். உள்காது எலும்பாக இறுகிவிடும் ஆபத்து இருப்பதால், கேட்க உதவ உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற மின்கருவி தேவைப்பட்டால் தாமதிக்க நேரமில்லை. ஜென்டமைசின் போன்ற ஊசி மருந்துகளும் உள்காதின் செல்களைக் கொல்லக்கூடும். உயிரைக் காக்க அவை தேவைப்படும் நேரங்கள் உண்டு, ஆகவே மருந்தைக் குறை சொல்லாமல் பின்னால் சோதிக்க மறக்காதிருப்பதே சரி.

பயண வாந்தியைப் பற்றி ஒரே வரி: இரண்டு வயதுக்குள் அரிது, பள்ளி வயதில் உச்சம், அது நோய் அல்ல.

படி 6: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நாளுக்கு நாள் கூடும் தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண் அல்லது தலைச்சாய்வு ஆகியவை சேர்ந்தால் சிறுமூளைப் பகுதியைச் சோதிக்க வேண்டும். காதைக் காரணம் சொல்லி நாளைக் கடத்தக் கூடாது. தலையில் அடிபட்ட பிறகு காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வருதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், நினைவு தப்புதல், கை கால் வெட்டி இழுத்தல், பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்தல், திடீரென்று கேட்காமல் போதல், காதின் பின்புறம் வீங்கிக் காது முன்னுக்குத் தள்ளப்படுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நலமாக இருந்த குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் குடித்தவரைப் போலத் தள்ளாடினால், எதையாவது விழுங்கியிருக்கலாம், வீட்டிலுள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். காலியான அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

படி 7: சோதனைகளுக்குத் தயாராகுங்கள்

முதலில் குழந்தை நல மருத்துவர், பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர், தேவைப்பட்டால் குழந்தை நரம்பியல் மருத்துவர் என்ற வரிசை பொதுவாகச் சரி. செவிப்பறையைப் பார்த்து, நடுக்காது அழுத்தத்தை அளந்து, வயதுக்கேற்ற செவிச் சோதனை செய்வார்கள். கைக்குழந்தையென்றால் தூங்கும்போது செய்யும் பெரா, அதாவது ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலை அளக்கும் சோதனை. கண் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் தள்ளாட்டமாக வேடம் போடும்.

உள்காதுக்கென்று தனிச் சோதனைகள் உண்டு. தலையைச் சிறிது சொடுக்கித் திருப்பி, கண் ஈடுகொடுக்கிறதா என்று கேமராவில் பார்ப்பது ஒன்று. ஒலி கொடுத்துக் கழுத்துத் தசையின் பதிலை அளப்பது மற்றொன்று. இது கைக்குழந்தைக்கும் செய்யலாம். அம்மாவின் மடியில் உட்காரவைத்துச் சுழல்நாற்காலியில் மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. பல குழந்தைகள் இன்னொரு சுற்றுக் கேட்கும். காதுக்குள் வெந்நீரும் குளிர்நீரும் விடும் பழைய சோதனைக்குச் சிறியவர்கள் ஒத்துழைப்பதில்லை. ஆனால் அதன் கதை சுவையானது. ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவியபோது, நீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமும் துடிப்பதைக் கண்டார். அந்த ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் போர்க்கைதியாக இருந்தார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. சிறு குழந்தைக்கு அதை எடுக்க மயக்க மருந்து வேண்டியிருக்கும் என்பதால், எதைத் தேடி எடுக்கிறோம் என்று மருத்துவரைக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்.

படி 8: சிகிச்சையும் வீட்டுப் பயிற்சியும்

தலைசுற்றலுக்குப் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுதான் நான் அறிந்தவற்றுள் மிக ஆபத்தான வழக்கம். வாந்திக்கும் பயணத்துக்கும் கொடுக்கும் புரோமெத்தசின், மூச்சையே மந்தப்படுத்தக்கூடியது. 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. சுற்றலை அடக்கும் மருந்துகளை நாள்கணக்கில் தொடர்ந்தால், மூளை தானே ஈடுகட்டப் பழகுவதும் தாமதமாகும். காதில் எண்ணெய் விடுவது, பஞ்சுக் குச்சியால் குடைவது இரண்டும் உள்காதுக்கு எந்த வகையிலும் உதவாது.

உதவுவது அசைவுதான். ஒரு பக்க உள்காது பழுதானால் குழந்தையின் மூளை பெரும்பாலும் வேகமாக ஈடுகட்டிவிடும். இரு பக்கமும் போனால் கண்ணையும் பாதத்தையும் கூர்மையாக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட, வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். கண் உயரத்தில் ஒரு படத்தை ஒட்டி, தலையை ‘இல்லை’ என்று ஆட்டிக்கொண்டே படத்திலுள்ள பூனைக்கு எத்தனை மீசை என்று எண்ணச் சொல்வது ஒரு பயிற்சி. தலையணைகளைத் தரையில் பரப்பி ஆற்றைக் கடப்பது இன்னொன்று. தரையில் ஒட்டிய கோட்டின் மேல் வெறுங்காலுடன் நடப்பது, ஊஞ்சலாடிக்கொண்டே பந்தைக் கூடையில் போடுவது என்று நீட்டிக்கொண்டே போகலாம். எளிதாகிவிட்டால் கடினமாக்குங்கள். குழந்தை வெளிறினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள்.

படி 9: வீட்டையும் பள்ளியையும் மாற்றியமையுங்கள்

படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறப்பட்டை ஒட்டுங்கள். தடித்த மெத்தென்ற காலணியைவிட அடிப்பகுதி மெல்லிய காலணி தரையைப் பாதத்துக்கு நன்றாக உணர்த்தும். பள்ளி ஆசிரியரிடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்: பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்ப்பது இந்தக் குழந்தைக்குச் சோர்வு தரும், வரிசையில் கடைசியாக வருவதற்காகத் தண்டிக்க வேண்டாம், உயரமான ஏணிகளில் துணையின்றி ஏறவிட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது. நீருக்குள் மிதக்கும்போது பாதத்துக்குத் தரை கிடையாது; கலங்கலிலோ இருட்டிலோ கண்ணுக்கும் வேலை கிடையாது. எது மேல், எது கீழ் என்று சொல்ல உள்காது மட்டுமே மிஞ்சுகிறது. இரு பக்கமும் பழுதான குழந்தை, நன்றாக நீந்தத் தெரிந்தாலும், மேலே வருவதாக நினைத்துக் கீழ்நோக்கிப் போகக்கூடும். நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் தெளிந்த நீரில், பகல் வெளிச்சத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் அதே நீருக்குள் நின்றிருக்கும்போது மட்டும்.